கொள்ளைநோயும் முன்னிலையும்

தமிழிலக்கணம் பயில்வோர் முதற்கண் கற்கும் பாடங்களுள் மூவிடம் என்பதும் ஒன்று. பேசுவோன் தன்மை, கேட்போன் முன்னிலை, பேசப்படுவோன் படர்க்கை. பள்ளிச் சிறாரும் அறிந்த இவ்வெளிய பாகுபாட்டை ஈண்டு எடுத்துக்கொண்டது கற்றறிந்த பெரியோர்க்கு இலக்கணம் கற்பித்தற்கன்று. 2020-ஆம் ஆண்டு தொடங்கி நம்மை வருத்திய கொள்ளைநோய்க் காலத்திலே பாட்டும் கதையும் ஓவியமும் மக்களுக்குச் செய்த உதவி யாது என்னும் வினாவுக்கு விடை இம்மூவிடப் பாகுபாட்டினுள்ளே பொதிந்து கிடக்கின்றது என்பது எம் கருத்து. அதனை இயன்றவளவு விளக்க முயல்கின்றோம். பிழையிருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயை உலகளாவிய கொள்ளைநோய் எனக் குறித்தது 2020 மார்ச்சு 11-ஆம் நாள். அம்மாதம் 25-ஆம் நாள் தொடங்கி இருபத்தொரு நாள் ஊரடங்கு நாடு முழுதும் விதிக்கப்பட்டது. பின்னர் அது பன்முறை நீட்டிக்கப்பட்டது. தாம்பரத்திலும் அதன் சூழலிலும் வாழ்வோர்க்கு அக்காலத்தின் முதல் அடையாளம் கண்ணுக்கன்று, காதுக்கே புலனாயிற்று. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டு முதல் ஓடிவரும் மின்சார இரயில் நின்றுபோயிற்று. விடியற்காலை வண்டியின் ஒலி கேட்டே உலைவைத்த இல்லங்கள் உண்டு. இரவு கடைசி வண்டியின் ஒலி கேட்டே விளக்கணைத்த இல்லங்களும் உண்டு. அவ்வொலி அடங்கியபோது பல்லாவரமும் குரோம்பேட்டையும் சேலையூரும் தனித்தனித் தீவுகளாயின. ஒவ்வொரு தெருவும் தீவாயிற்று. ஒவ்வொரு வீடும் தீவாயிற்று. நோய் கண்ட இல்லத்திலோ, ஒவ்வோர் அறையும் தீவாயிற்று.

அத்துணைத் தனிமையினும் கொடியது ஒன்று உடன் நிகழ்ந்தது. மனிதர் படர்க்கையாயினர். மாலைதோறும் வெளிவந்த அறிக்கையில் அவர்கள் எண்களாக நின்றனர். சென்னையிலே நோய் கண்டார் வீட்டு முகப்பைத் தகரத்தால் அடைத்த காலமும் உண்டு. நேற்றுவரை "வாருங்கள், உட்காருங்கள்" என்று அழைக்கப்பட்டவர், இன்று "அந்த வீட்டாருக்கு வந்துவிட்டதாம்" என்று சுட்டப்பட்டார். 2020 ஏப்ரல் மாதத்தில், நோயாளர்க்குப் பணி செய்து தாமும் அந்நோய்க்கு இரையான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவொட்டாது கூட்டமொன்று தடுத்த செய்தியைச் சென்னை நகரம் மறந்திராது. நோய் உடலைப் பற்றியது. அச்சமோ மனிதனை 'நீ' என்னும் இடத்தினின்றும் பெயர்த்து 'அவன்' என்னும் இடத்தில் கொண்டு நிறுத்தியது. இவ்விரண்டாவது கேட்டுக்கு மருத்துவ நூலில் மருந்தில்லை.

எம் இல்லத்து நிகழ்ச்சியொன்றை ஈண்டுக் கூற விரும்புகின்றோம். 2021 மே மாதம், நோயின் இரண்டாம் அலை ஓங்கியிருந்த காலத்து, சேலையூரில் எம்முடன் வாழும் பாட்டியாருக்கு நோய் கண்டது. மாடியறையில் அவரைத் தனியே இருத்தும்படி மருத்துவர் பணித்தார். யாம் அப்பொழுது பதினான்கு வயதுச் சிறுவர். உணவுத் தட்டை அறைவாயிலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு உடனே படியிறங்கிவிட வேண்டும் என்பது எமக்கிட்ட கட்டளை. முதலிரண்டு நாளும் அவ்வாறே செய்தோம். வீட்டில் உள்ளோர் நாள் முழுதும் பாட்டியாரைப் பற்றியே பேசினர். சுரம் எவ்வளவு, பிராணவாயு எவ்வளவு, உண்ட சோறு எவ்வளவு என்பனவே பேச்சு. பாட்டியாரோடு பேசினரோ எனின், "மருந்து சாப்பிட்டீர்களா?" என்னும் ஒரு கேள்விக்கு அப்பால் எவரும் சென்றாரல்லர். அன்பு குறைந்ததன்று, அச்சம் நாவைக் கட்டியிருந்தது.

மூன்றாம் நாள் எம் தங்கை தாளொன்றில் அணிலின் படம் வரைந்து தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதன் கீழ் யாமும் ஈரடியில் ஒரு பாட்டெழுதினோம். தளை தட்டிய பாட்டு. இன்று நினைப்பினும் நாணம் வரும். அன்று மாலை மாடியறைச் சன்னல் திறந்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேற் படித்திராத எம் பாட்டியார், முற்றத்தில் நின்ற எங்களை நோக்கி, இருமலுக்கிடையே, "ஏ பிள்ளைகளா, இதற்கு விடை சொல்லுங்கள் பார்ப்போம்" என்று கூறி, ஒரு விடுகதை போட்டார்.

"அழையாமல் வருவான், ஆருக்கும் தெரியான்; கைகழுவி விட்டால் காததூரம் ஓடுவான்; அவன் யார்?"

தம்மைப் பற்றியிருந்த நோயையே அவர் விடுகதையாக்கிவிட்டார் என்பதை உணர எமக்குச் சிறிது நேரமாயிற்று. விடையை முதலிற் சொன்னவர் யாமல்லேம். எதிர்வீட்டு மாடியில் நின்ற அம்மையார். அவ்வீட்டாரும் எம் வீட்டாரும் மழைநீர் வடியும் வழி பற்றிய சிறு பூசலால் ஓராண்டாகப் பேசிக்கொள்ளாதவர்கள். மறுநாள் மாலை அவர் சன்னல் திறக்குமுன்னரே வந்து நின்றார். அதற்கடுத்த நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் தத்தம் மாடியில் நின்றனர். நாள்தோறும் தட்டிலே தாள் ஏறியது. மாலைதோறும் சன்னலிலிருந்து விடுகதை இறங்கியது.

எட்டாம் நாள் மாலை சன்னல் திறக்கவில்லை. பிராணவாயுவின் அளவு குறைந்ததனால், அன்று நண்பகலிலே பாட்டியாரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தனர். எதிர்வீட்டு அம்மையார், "இன்றைக்கு விடுகதை இல்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டது விடுகதையையன்று என்பது எம் அன்னையார்க்கு விளங்கிற்று. ஓராண்டுக்குப் பின் அவ்விருவரும் பேசிக்கொண்டது அப்பொழுதுதான்.

இறைவன் அருளால் பாட்டியார் ஒன்பது நாளில் இல்லம் மீண்டார். அந்நாட்களில் தமக்குத் துணையாயிருந்தது யாது என்று ஒருநாள் அவரை வினவினோம். யாம் எதிர்பார்த்த விடை வேறு, அவர் கூறியது இது: "சோறு ஆறினாலும் ஆறட்டும் என்று முதலில் தாளைத்தான் எடுப்பேன். முதல்நாள் அணிலுக்கு உன் தங்கை வால் போடவில்லை. நாளைக்காவது போடுவாளா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

நம்பிக்கை என்னும் சொல்லுக்கு யாம் அறிந்த விளக்கங்களுள் இதனினும் தெளிவானது பிறிதில்லை. நாளை நலம் வரும் என்று வாயினாற் சொல்லுதல் ஆறுதல்மொழி. நாளை ஒருவரிடமிருந்து ஒன்று வரும், அதனைப் பார்க்க வேண்டும் என்று உள்ளத்தால் காத்திருத்தலே நம்பிக்கை. முன்னதற்குப் படர்க்கை போதும். பின்னதற்கு முன்னிலை வேண்டும். வாலில்லா அணில் சிறந்த ஓவியமன்று. தளை தட்டிய பாட்டு நல்ல பாட்டுமன்று. ஆயினும் அவை ஒருவரை நோக்கிச் செய்யப்பட்டவை, ஒருவரால் எதிர்பார்க்கப்பட்டவை. விடுகதையோ எனின், கேட்போன் இன்றி முடிவுறாத இலக்கிய வகை. பாதியைச் சொல்வோன் சொல்ல, மறுபாதியைக் கேட்போன் சொல்லியே அது நிறைவுறும்.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் நன்கறிந்திருந்தனர். அகத்திணைச் செய்யுட்களைப் பயில்வோர், நெய்தல் நிலத்துத் தலைவி கடலையும் நாரையையும் நண்டையும் நோக்கிப் பேசுதலைக் காண்பர். செவியில்லாதவற்றை நோக்கிக் கேட்பன போலப் பேசுதலும், வாயில்லாதவை பேசுவன போலக் கூறுதலும் செய்யுள் மரபு எனத் தொல்காப்பியனார் வகுத்துரைத்தார். கேட்பார் எவரும் இல்லாத இடத்தும் மனிதனது துன்பம் ஒரு முன்னிலையைத் தேடிக்கொள்ளும் என்பது இதனாற் பெறப்படும். அன்றியும், நெய்தலுக்கு இரங்கலையும் முல்லைக்கு இருத்தலையும் உரிப்பொருளாக்கினர் சான்றோர். இரண்டிலும் பிரிவு உண்டு, துன்பம் உண்டு. எனினும் முல்லைத் தலைவி கார்காலத்தை நோக்கிக் காத்திருக்கின்றாள். மீண்டு வருவேன் என்று சொல்லிச் சென்றவன் ஒருவன் உளன் என்பதே இரங்கலை இருத்தலாக்குகின்றது. மாடியறைச் சன்னலில் யாம் கண்டதும் அம்முல்லையே.

இனி, பேரிடர்க் காலத்திற் சொல்லுக்கும் கேட்போனுக்கும் உள்ள தொடர்பை விளக்கும் பழங்கதையொன்று இறையனார் களவியலுரையிலே உண்டு. அது நோயைப் பற்றியதன்று, பஞ்சத்தைப் பற்றியது. ஆயினும் நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. பாண்டிநாட்டைப் பன்னீராண்டு வற்கடம் வருத்தியது. அரசன் புலவரைப் பிற நாடுகளுக்குப் போக்கினான். மழை பெய்து நாடு நாடாகிய பின் அவர்களை அழைத்து வரச் செய்தான். எழுத்து வல்லாரும் சொல் வல்லாரும் யாப்பு வல்லாரும் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் ஒருவரும் கிடைத்திலர். அரசன் பெரிதும் கவன்றான். ஆலவாய் இறைவன் அறுபது சூத்திரம் அருளினான் என்றும், அவற்றுக்குப் புலவர் பலர் உரை வகுத்தனர் என்றும், மெய்யுரை எது எனத் துணிதற்கு உருத்திரசன்மன் என்னும் ஐந்தாண்டு நிறைந்த ஊமைச் சிறுவனை அமர்த்தினர் என்றும் அக்கதை கூறும். மருதனிளநாகனார் உரைத்தபோது அச்சிறுவன் சிற்சில இடங்களிலே கண்ணீர் வார்த்தான். நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். அதுவே மெய்யுரை எனக் கொள்ளப்பட்டது.

இதனை வரலாறெனக் கொள்வார் கொள்க. கதையெனக் கொள்வார் கொள்க. யாம் கருதுவது பிறிதொன்று. பேரிடருக்குப் பின் ஒரு நாடு இழந்ததாக இக்கதை கூறுவது எழுத்தையன்று, சொல்லையன்று. வாழ்க்கையைப் பேசும் பொருளை. அதனை மீட்டெடுத்த காலத்தும், இறுதித் தீர்ப்பை வழங்கியவன் பேசத்தெரிந்த புலவனல்லன்; கேட்கத்தெரிந்த ஊமைச் சிறுவன். சொல்லின் உயிர் கேட்போன்பால் உள்ளது என்பதை இதனினும் அழகாகக் கூறுதல் அரிது.

நோயின் வரலாற்றைப் புரட்டினும் இவ்வுண்மையே புலனாகின்றது. அறிவியல் மருந்து காணாத காலத்தே நம் நாட்டார் பெரியம்மை நோயை 'அம்மை' என்று அழைத்து, நோயாளியின் படுக்கையருகே மாரியம்மன் தாலாட்டுப் பாடினர். அந்நோயைப் போக்கியது தாலாட்டன்று, அம்மைப்பாலே ஆம். இந்தியாவில் அந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 1975-இல். உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980-இல். எனினும், பல்லாண்டுக் காலம் அந்தப் பாட்டு ஒரு தொண்டு செய்தது. யாரும் நெருங்க அஞ்சும் உடலின் அருகே ஒரு மனிதக் குரலை அமரச் செய்தது. அச்சுறுத்தும் நோயையும் 'தாயே' என்று முன்னிலைப்படுத்தி, அதனோடு பேசலாம் என்னும் துணிவைத் தந்தது.

மேனாட்டிலும் இஃதே. 1348-இல் இத்தாலிய நாட்டுப் புளோரன்சு நகரைக் கருஞ்சாவு என்னும் பிளேக்கு அழித்தபோது, பத்து இளைஞர் ஊர்ப்புறத்தில் ஒதுங்கி, பத்து நாளில் ஒருவர்க்கொருவர் நூறு கதை சொல்லிக்கொள்வதாகப் பொக்காசியோ தம் பெருநூலை அமைத்தார். அதே இத்தாலியில் 2020 மார்ச்சு மாதத்தில், அடைபட்ட மக்கள் மாடிமுகப்புகளில் நின்று தெருவுக்கு எதிர்த்தெரு பாடினர்.

1918-ஆம் ஆண்டின் இன்புளுயன்சாக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. இந்திப் பெருங்கவிஞர் நிராலா அதிலே மனைவியையும் குடும்பத்தார் பலரையும் இழந்தார். அன்று தாயிழந்த மகள் சரோஜ் 1935-இல் தானும் இறந்தாள். அப்போது அவளுக்கு ஏறக்குறைய எம் வயதே. தந்தை அவள் நினைவாகப் பாடிய நெடும்பாட்டு மகளைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. மகளையே விளித்துத் தொடங்குகின்றது. ஒரு கோடி என்னும் எண் படர்க்கை. அப்பாட்டு முன்னிலை. எண்ணைப் படித்து யாரும் அழுவதில்லை.

தொலைவிலுள்ளவற்றைக் கூறி, அண்மையிலுள்ளதை மறத்தல் ஆகாது. எம் கல்லூரி, நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டினிடையே குடிபுகுந்தது 1937-இல். அதற்கு ஒன்பதாண்டு முன்னரே, 1928-இல், டாக்டர் சௌரிமுத்து என்பார் பச்சைமலை அடிவாரத்தில் காசநோயாளர்க்கென ஆரோக்கிய நிலையம் ஒன்றை நிறுவியிருந்தார். தொடக்கத்தில் அதில் இருந்தவை பன்னிரண்டு படுக்கைகளே. அதனை அரசினர் ஏற்றதும் 1937-ஆம் ஆண்டே. 'சானடோரியம்' என்று இரயில் நிலையத்துக்கே பெயர் தந்த அந்நிலையம், ஒதுக்கப்பட்டோரின் புகலிடமாகவே வளர்ந்தது. முதலிற் காசநோயாளர், பின்னர், உற்றாரும் கைவிட்ட எய்ட்சு நோயாளர், 2020 தொடங்கிக் கொரோனா நோயாளர். ஒரே ஊரில் கல்விக்கூடமும் நோயாளர் இல்லமும் ஒரே தலைமுறையில் வேரூன்றின. மின்வண்டியில் அந்நிலையத்தை நாள்தோறும் கடந்து வருகின்ற மாணவர், அதனை ஒரு பெயர்ப்பலகையாக மட்டும் காண்பது தகுமோ?

காசநோய் எம் தமிழ்த்துறைக்கு அயலானதுமன்று. பரிதிமாற்கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் எம் கல்லூரியிலே தமிழாசிரியராயிருந்தவர். 'ரூபாவதி', 'கலாவதி' முதலிய நாடகங்களும் 'தமிழ் மொழியின் வரலாறு' என்னும் ஆராய்ச்சி நூலும் இயற்றியவர். 1903-ஆம் ஆண்டு காசநோய் அவரைக் கொண்டுசென்றது. அப்பொழுது அவருக்கு அகவை முப்பத்து மூன்று. அந்நோயை வெல்லும் முதல் மருந்து கண்டறியப்பட்டதே அதற்கு நாற்பதாண்டு கழித்துத்தான். தம் நாட்கள் குறுகியவை என அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, அவர் எழுதியவை யாவும் தாம் காணாத வாசகரை நோக்கியவை. தமிழ் உயர்தனிச் செம்மொழி என அவர் எழுதியதற்கு, 2004-ஆம் ஆண்டு இந்திய அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்தபோது விடை வந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அவிழ்ந்த விடுகதை அது. இன்று அவர் நூலை விரிக்கும் நாமே அவர் தேடிய முன்னிலை.

நிற்க. கலையின் முன்னிலையை நம் காலத்தில் தமிழ்நாடு முழுதும் உணர்ந்த நாள் ஒன்றுண்டு. பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் கொரோனா நோயால் சென்னை மருத்துவமனையொன்றிற் சேர்ந்தார். சில நாளில் அவர் நிலை மோசமாயிற்று. ஆகஸ்டு 20-ஆம் நாள் மாலை ஆறு மணிக்கு யாவரும் அவர் பாடல்களை ஒலிக்கச்செய்து இறைவனை வேண்டுமாறு திரைத்துறையினர் அழைப்பு விடுத்தனர். அன்று அம்மணிக்கு, பிரிந்து கிடந்த இல்லங்களிலே ஒரே குரல் எழுந்தது. அரை நூற்றாண்டாக நம்மை நோக்கிப் பாடிய குரலை, நாம் அவரை நோக்கித் திருப்பி அனுப்பினோம். கேட்போர் பாடுவோராயினர், பாடுவோர் கேட்போராயினார்.

செப்டம்பர் 25-ஆம் நாள் அவர் காலமானார். அங்ஙனமாயின், அன்றைய மாலைப் பாட்டு வீணோ? இக்கேள்வியினின்றும் நழுவிச் செல்லுதல் நேர்மையன்று. கலை உயிரைக் காக்கும் என்று சொல்வோமாயின், அது வீணே. எம் பாட்டியார் பிழைத்ததும் விடுகதையாலன்று. மருத்துவர் அளித்த மருந்தாலும் பிராணவாயுவாலும் செவிலியர் கண்விழிப்பாலுமே. அதே மாதத்தில் எம் தெருவிலேயே மீளாது சென்றார் இருவர். அவர்கள் இல்லத்திலும் அன்பு குறைவன்று. எனவே, கலையால் நோய் தீரும் என்று யாம் கூறத் துணியோம். கலை காப்பது பிறிதொன்றை. நோயுற்றவன் பிழைப்பினும் இறப்பினும், அவன் இறுதிவரை ஒருவர்க்கு 'நீ'யாக இருந்தான் என்பதை அது காக்கின்றது. இறந்தார்க்கு அது மதிப்பு. இருந்தார்க்கு அது மருந்து.

கிறிஸ்தவர் இல்லங்களிலும் இதனை அக்காலத்து உணர்ந்தோம். 2020 ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்த்தெழுதல் திருநாள். ஆலயக் கதவுகள் மூடியிருந்தன. பாடகர் குழுவினர் பலர், தத்தம் வீட்டிலிருந்து தனித்தனியே பாடிப் பதிவுசெய்த குரல்களைப் பின்னர் ஒன்றாக்கிக் கேட்டனர். தனியே பாடுங்கால் ஒவ்வொருவர்க்கும் தம் குரலின் குறை மட்டுமே கேட்டது. ஒன்றாக்கிய பின்னரோ, பிறர் விட்ட இடத்தைத் தம் குரலும் தாம் விட்ட இடத்தைப் பிறர் குரலும் நிரப்பியிருக்கக் கண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைச் சபைகள் மார்கழி இசைவிழாவை இணையவழியே நடத்தின. அரங்கிற் கேட்போர் இல்லாமற் பாடிய வித்துவான்கள், கைதட்டல் இல்லாத அமைதியின் பாரத்தை உணர்ந்திருப்பர் என்பது ஒருதலை.

இங்கே மற்றொன்றும் கூறுதல் எம் கடன். நமக்கு ஆறுதலளித்த கலை, கலைஞர்க்கு ஆறுதலளித்ததோ? பங்குனி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலமே தெருக்கூத்தாடுவோர்க்கும் நாதசுரம், தவில் வாசிப்போர்க்கும் கரகம் எடுப்போர்க்கும் ஆண்டு முழுமைக்குமான பிழைப்பு. 2020-இலும் 2021-இலும் அக்காலம் ஊரடங்கிலே கழிந்தது. வீட்டிலிருந்து கைப்பேசியில் இசைகேட்ட நாம், அரிதாரம் பூசாத முகங்களை நினைத்தோமோ? நினைத்தோர் சிலர் உளர். இசைவாணர் டி. எம். கிருஷ்ணா சார்ந்துள்ள சுமனசா அறக்கட்டளை முதலியன, கலைஞர்க்கென நிதி திரட்டி வழங்கின. முன்னிலை என்பது ஒருவழிப் பாதையன்று. பாடுவோன் நம்மை 'நீ' என்று அழைத்தானெனின், நாமும் அவனை 'நீ உண்டனையோ?' என்று கேட்டல் வேண்டும். கேளாதுவிடின், பாட்டை மட்டும் முன்னிலையில் நிறுத்திப் பாடியவனைப் படர்க்கையில் தள்ளிய குற்றம் நம்மைச் சாரும்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். கொள்ளைநோய் மனிதரைப் பிரிக்கின்றது. அச்சம் அவர்களைப் படர்க்கையாக்குகின்றது. கலை, அதன் தரம் எத்துணைச் சிறிதாயினும், ஒருவரை நோக்கிச் செய்யப்படுங்கால் அவரை மீண்டும் முன்னிலையாக்குகின்றது. முன்னிலையானவன் மறுமொழி கூறுகின்றான். மறுமொழிக்குக் காத்திருத்தலே நம்பிக்கையாகின்றது.

இறுதியாக, மீண்டும் இலக்கணத்துக்கே வருவோம். தன்மைப் பன்மையை ஆராய்ந்த நன்னூலார், பேசுவோன் தன்னோடு யாரைச் சேர்த்துக்கொள்கின்றான் என்பதை நுணுகி நோக்கினார். சில ஈறுகள் எதிர்நிற்பாரைச் சேர்த்துக்கொள்ளும். சில, அப்பால் நிற்பாரைச் சேர்த்துக்கொள்ளும். சில, இருவரையும் சேர்த்துக்கொள்ளும் என்று பகுத்தார். பேச்சு வழக்கிலும் 'நாங்கள்' என்பது கேட்போனைப் புறத்தே நிறுத்தும். 'நாம்' என்பது அவனையும் உள்ளழைக்கும். பிற மொழிகள் பலவற்றுக்கு இல்லாத இச்செல்வம் நம் மொழிக்கு உண்டு. இக்கட்டுரையில் 'யாம்' என எழுதிய இடங்கள் பல. அவை எம் பேதைமையையும் எம் வீட்டுக் கதையையும் கூறிய இடங்கள். 'நாம்' என எழுதிய இடங்களிலோ, இதனைப் படிக்கும் தங்களையும் உடன் கொண்டே எழுதினோம்.

2023 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்ததாக அறிவித்தது. மின்வண்டி மீண்டும் ஓடுகின்றது. மாடியறைச் சன்னலும் இப்பொழுது காற்றுக்கே திறக்கப்படுகின்றது. ஆயினும், படர்க்கையாக ஒதுக்கப்பட்டோர் ஒழிந்தாரல்லர். விடுதியில் உடன் வாழ்ந்தும் ஒருவரோடும் பேசாத மாணவனும், சானடோரிய நிலையத்துப் படுக்கையில் பார்வையாளரை எதிர்நோக்கும் முதியவரும், தெருக்கோடியில் தனித்து வாழும் அம்மையாரும் இன்றும் உளர். அவர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுதல் எளிது. அவர்களுக்கு ஒரு வரி எழுதுதல் அதனினும் நன்று. அந்த வரி இலக்கணப் பிழையோடு இருக்கலாம். அணிலுக்கு வாலும் இல்லாதிருக்கலாம். நாளைக்கு அதனைப் போடுவோம் என்று எண்ணித் தாளை எடுப்போமாக.